கொம்யூன்களின் கதை: வேப்பமரத்தடியில் ஒரு பட்ஜெட்

2020 ஜூலை 20, திங்கட்கிழமை காலை. புதுச்சேரி சட்டப்பேரவையில் உறுப்பினர்கள் முகக்கவசத்தோடு காத்திருக்கிறார்கள். துணைநிலை ஆளுநர் வந்து உரையாற்ற வேண்டும், அதன் பிறகுதான் பட்ஜெட் என்பது மரபு. அவர் இருக்கும் ராஜ் நிவாஸ் தூரத்தில் இல்லை; பாரதி பூங்காவின் ஒரு பக்கம் பேரவை, இன்னொரு பக்கம் ராஜ் நிவாஸ். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கிரண்பேடி வரவில்லை.

ஏன் வரவில்லை என்று பார்ப்பதற்கு முன், சென்ற வாரம் நாம் நிறுத்திய கீழூருக்கு ஒரு நிமிடம் போய்வர வேண்டும். வில்லியனூர் கொம்யூனை (பிரெஞ்சுக்கால உள்ளாட்சி அமைப்பு) சேர்ந்த அந்தச் சிற்றூரில் 1954 அக்டோபர் 18 அன்று, பிரெஞ்சிந்தியாவின் பிரதிநிதித்துவ சபை உறுப்பினர்களும் நகராட்சி உறுப்பினர்களுமாக 178 பேர் கூடி வாக்களித்தார்கள். இந்தியாவோடு இணைய 170 பேர் ஆதரவு, 8 பேர் எதிர்ப்பு. ஒரு நிலப்பரப்பின் தலைவிதியையே முடிவு செய்தவர்களில் கொம்யூன் உறுப்பினர்கள்தான் பெருந்தொகை. 1880 மார்ச் 12 ஆணையால் உருவான முதல் பத்து கொம்யூன்களில் வில்லியனூரும் பாகூரும் இருந்தன. அவற்றுக்கென்று மன்றம் இருந்தது, தனி வரவு செலவும் இருந்தது. இணைப்புக்குப் பிறகு கொம்யூன்களுக்கு நடந்த தேர்தல்கள் 1968-லும் 2006-லும் மட்டுமே. 2006-ல் வந்தவர்களின் காலம் 2011-ல் முடிந்தது. 2020 ஜூலையில் அந்த நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. ஆகவே இந்தக் கிராமங்களின் பணத்தைப் பற்றிப் பேச மிஞ்சியிருந்த ஒரே இடம் சட்டப்பேரவை. அந்தப் பேரவையில்தான் அன்று காலை இழுபறி.

பட்ஜெட்டும் துறைச் செலவுகளுக்கான மானியக் கோரிக்கைகளும் தன் பரிந்துரைக்கு முறைப்படி வரவில்லை என்பது கிரண்பேடியின் வாதம். மத்திய அரசின் ஒப்புதல் கிடைத்துவிட்ட பட்ஜெட்டை நிறுத்திவைக்கக் கூடாது என்பது முதல்வர் நாராயணசாமியின் வாதம். இருவரும் நீட்டியது ஒரே சட்டத்தை: 1963-ஆம் ஆண்டின் யூனியன் பிரதேச அரசுகள் சட்டம். அதன் 27-ஆம் பிரிவின்படி, ஆண்டு நிதி அறிக்கையைப் பேரவையில் வைக்கும் முன் குடியரசுத் தலைவரின் அனுமதி வேண்டும். 28-ஆம் பிரிவின்படி, துணைநிலை ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் எந்த மானியமும் கேட்க முடியாது. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்துக்கு டெல்லியின் முன் அனுமதி என்ற முதல் பூட்டு கிடையாது.

உரைக்காகக் காத்திருந்து பார்த்த பேரவை, உரையில்லாமலே நடக்கத் தீர்மானித்தது. நிதித்துறையையும் வைத்திருந்த நாராயணசாமி எழுந்து, 9,000 கோடி ரூபாய் பட்ஜெட்டை வாசித்தார்.

வாசித்தால் போதுமா? ஏப்ரலிலிருந்து மூன்று மாதச் செலவுக்கு மட்டுமே முன்கூட்டி அனுமதி வாங்கியிருந்தார்கள். அது ஜூனோடு முடிந்துவிட்டது. மானியக் கோரிக்கைகள் நிறைவேறி, நிதி ஒதுக்க மசோதாவுக்கு ஒப்புதல் வந்தால்தான் தொகுப்பு நிதியிலிருந்து பணம் எடுக்க முடியும். ஊழியர் சம்பளமும் முதியோர் உதவித்தொகையும் வாய்க்கால் தூர்வாருவதும் அந்த ஒரு மசோதாவுக்காகக் காத்திருந்தன.

வாய்க்கால் என்றதும் பாகூர் நினைவுக்கு வருகிறது. தென்பெண்ணைத் தண்ணீர் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்கு வருகிறது. வாய்க்கால் தூர்ந்தால் ஏரி இல்லை, ஏரி இல்லாவிட்டால் பாகூரின் நெல் வயல்கள் இல்லை. அந்த வாய்க்காலுக்கான பணம் பொதுப்பணித்துறை மானியக் கோரிக்கைக்குள் ஒரு வரி. அந்த வரியைக் கூட்டச் சொல்லி ஓர் உறுப்பினர் திருத்தம் கொடுக்கலாமா? கொடுக்க முடியாது. பேரவை மானியத்தை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம். கூட்ட அதிகாரம் இல்லை. கோரிக்கைகள் நிறைவேறிய பின் வரும் நிதி ஒதுக்க மசோதாவிலோ தொகையை மாற்றவும் முடியாது, வேறு செலவுக்குத் திருப்பவும் முடியாது. 29-ஆம் பிரிவு கதவைச் சாத்திவிடுகிறது.

அப்படியானால் உறுப்பினர் என்னதான் செய்வார்? வெட்டுத் தீர்மானம் கொடுப்பார். நாடாளுமன்ற வழக்கில், ஒரு குறையைச் சொல்ல வேண்டுமென்றால் கோரிக்கைத் தொகையில் 100 ரூபாயைக் குறைக்கச் சொல்லித் தீர்மானம் கொடுப்பார்கள். கொள்கையே தவறு என்றால் முழுத் தொகையையும் ஒரு ரூபாயாகக் குறைக்கச் சொல்வார்கள். வாய்க்காலுக்குக் கூடுதல் பணம் வேண்டும் என்பவர்கூட, பணத்தைக் குறை என்ற தீர்மானத்தின் வழியாகத்தான் பேச வேண்டும். அமைச்சர் பதில் சொல்வார், தீர்மானம் திரும்பப் பெறப்படும் அல்லது குரல் வாக்கெடுப்பில் தோற்கும். ஒரு கோரிக்கை முடிந்தது, அடுத்தது.

இந்த வேகத்தைக் குறைக்கத்தான் மற்ற அவைகள் குழுக்களை வைத்தன. கேரளத்தில் 1980 முதல் துறைவாரிக் குழுக்கள் மானியக் கோரிக்கைகளை முதலில் ஆராய்கின்றன. நாடாளுமன்றத்தில் 1993-ல் துறைசார் நிலைக்குழுக்கள் வந்தன. பட்ஜெட்டுக்குப் பின் நாடாளுமன்றம் சில வாரம் இடைவேளை விடும். செயலாளர்களைக் குழுவில் உட்கார வைத்து, போன ஆண்டுப் பணம் ஏன் செலவாகவில்லை, இந்த ஆண்டு ஏன் அதே தொகை என்று வரி வரியாகக் கேட்பார்கள். தொகையை மாற்றும் அதிகாரம் அந்தக் குழுக்களுக்கும் இல்லை. ஆனால் கேட்ட கேள்வியும் சொன்ன பதிலும் அறிக்கையில் அச்சாகி அவைக்கு வரும். புதுச்சேரியில் பொதுக் கணக்குக் குழுவும் மதிப்பீட்டுக் குழுவும் உண்டு. பொதுக் கணக்குக் குழு தணிக்கை அறிக்கையைப் பார்ப்பது பணம் செலவான பிறகு. வாக்களிக்கும் முன்பே ஒவ்வொரு கோரிக்கையையும் பிரித்துப் பார்க்கும் குழுதான் இல்லை. 30 தொகுதிகளே உள்ள சின்னப் பேரவைக்கு அது சுமை என்பதை நான் ஏற்க மாட்டேன். கொம்யூனுக்கு மன்றமும் இல்லாமல், பேரவையில் குழுவும் இல்லாமல் இருந்தால் பங்காரு வாய்க்காலைப் பற்றி யார், எங்கே கேட்பது?

பேரவையிலாவது பாகூருக்காகக் கேட்க ஆள் இருந்தாரா? அங்கேதான் கதை இறுகுகிறது. கூட்டத்தொடருக்குச் சில நாள் முன்புதான் பாகூர் உறுப்பினர் தனவேலுவைச் சபாநாயகர் சிவக்கொழுந்து தகுதி நீக்கம் செய்திருந்தார். ஆளும் காங்கிரஸைச் சேர்ந்த தனவேலு, தன் கட்சி ஆட்சி மீதே ஊழல் புகார் சொன்னவர். ஆக, 9,000 கோடி பட்ஜெட் வாசிக்கப்பட்டபோது பாகூர் தொகுதிக்கு உறுப்பினரே இல்லை. வில்லியனூர் உறுப்பினர் நமச்சிவாயமோ பொதுப்பணித்துறை அமைச்சர். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய பக்கத்தில் இருந்தார். பாகூரின் இடம் அன்று காலியாக இருந்ததை நான் இன்றும் ஆறாமல்தான் எழுதுகிறேன்.

அந்த வாரத்துக்குள்ளேயே ராஜ் நிவாஸோடு இருந்த முடிச்சு அவிழ்ந்தது. துணைநிலை ஆளுநர் பேரவைக்கு வந்து உரையாற்றினார். இனி தடையில்லை என்று எல்லோரும் மூச்சுவிட்ட நேரத்தில், உறுப்பினர் ஒருவருக்குக் கொரோனா உறுதியானது. மண்டபத்துக்குள் உட்கார முடியாது. கூட்டத்தைத் தள்ளிப்போட்டால் மசோதா நிற்கும், மசோதா நின்றால் பணம் நிற்கும்.

ஜூலை 25, சனிக்கிழமை. பேரவை வளாகத்து வேப்பமரத்தடியில் நாற்காலிகள் போடப்பட்டன. திறந்த வெளியில், மரநிழலில் புதுச்சேரி சட்டப்பேரவை கூடி நிதி ஒதுக்க மசோதாவை நிறைவேற்றியது.

பட்ஜெட் பிழைத்தது. ஆட்சி பிழைத்ததா?

2021 ஜனவரி 25. வில்லியனூரிலிருந்து ஒரு ராஜினாமாக் கடிதம் வந்தது. எழுதியவர் நமச்சிவாயம். ஊசுடு உறுப்பினர் தீப்பாய்ந்தானும் அவரோடு போனார். அடுத்தடுத்து விலகல்கள். பிப்ரவரி 16-ல் கிரண்பேடி பதவியிலிருந்து நீக்கப்பட்டார். 22-ஆம் தேதி நாராயணசாமி நம்பிக்கை வாக்கு கோரினார். மத்திய அரசு நியமித்த உறுப்பினர்கள் மூவரும் வாக்களிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2018 டிசம்பர் 6 அன்றே தீர்ப்பளித்திருந்தது. பெரும்பான்மையை இழந்த ஆட்சி கவிழ்ந்தது. 25-ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆட்சி.

ஏப்ரல் 1 பிறந்தால் புது நிதியாண்டு. பணத்துக்கு யாராவது அனுமதி கொடுத்தே ஆக வேண்டும். 2021 மார்ச்சில் பாகூர், வில்லியனூர் கிராமங்களின் செலவுக்கும் சேர்த்துக் கைதூக்கிய அவை பாரதி பூங்காவின் எதிரே இல்லை. அது டெல்லி நாடாளுமன்றம். அங்கே புதுச்சேரிக்கு மக்களவையில் ஒருவர், மாநிலங்களவையில் ஒருவர்.

(தொடரும்)