072: ஒரு நம்பரும் நாலு பெயரும்

உங்கட வீட்டில யாருக்காவது 072 இல தொடங்குற போன் நம்பர் இருக்கா? அதுவும் பழைய நம்பரா இருந்தா இன்னும் நல்லது. அந்த ஆளிட்ட ஒருக்காக் கேட்டுப் பாருங்கோ, "இது எந்தக் கம்பனி சிம்?" எண்டு. வயசைப் பொறுத்துப் பதில் மாறும். ஒருவர் செல்டெல் எண்டுவார், ஒருவர் டிகோ எண்டுவார், இன்னொருவர் எடிசலாட் எண்டுவார். இப்ப சிம் வாங்கினவர் ஹட்ச் எண்டுவார். எல்லாருமே சரியாத்தான் சொல்லியினம்.

நம்பர் மாறவில்லை. அதன் சொந்தக்காரர்தான் மாறிக்கொண்டே வந்திருக்கிறார்கள். இந்தக் கதையைப் பின்னால போய்ப் பார்த்தால், மிலிகொம் என்ற ஒரு கம்பனி ஆசியா, ஆபிரிக்கா, லத்தீன் அமெரிக்கா என்று நாடு நாடாகப் புகுந்து, பிறகு நாடு நாடாக விற்றுக்கொண்டு போன கதை வெளியில வரும். அதில ஒரு சின்ன அத்தியாயம்தான் இலங்கை.

மிலிகொமின் வேர் சுவீடனில் இருக்கிறது. கின்னெவிக் என்ற முதலீட்டுக் குழுமத்தை நடத்தியவர் யான் ஸ்டென்பெக். அரசாங்கத் தொலைபேசித் துறைகள் ஏகபோகமாக இருந்த காலத்திலேயே, இனி வரப்போவது கையில கொண்டு திரியிற போன்தான் என்று நம்பியவர். 1990 இல் கின்னெவிக்கின் வெளிநாட்டு மொபைல் முதலீடுகளும் மிலிகொம் என்ற அமெரிக்கக் கம்பனியின் முதலீடுகளும் ஒன்றாக்கப்பட்டு, லக்சம்பேர்க்கைத் தளமாகக் கொண்ட மிலிகொம் இன்டர்நஷனல் செலியுலர் உருவானது. அந்த அமெரிக்க மிலிகொம் லேசுப்பட்ட ஆளில்லை. பிரித்தானியாவில் பிறகு வொடபோன் என்று உலகம் அறிந்த நிறுவனத்தின் தொடக்கத்தில் ரகால் கம்பனியோடு கூட்டாளியாக இருந்தது அதுதான்.

அவர்களின் வழி மிக எளிமையானது. பெரிய கம்பனிகள் "அங்க சனத்திட்ட காசில்லை" என்று திரும்பியும் பார்க்காத நாடுகளுக்குப் போவது. அந்த ஊரில் ஒரு கூட்டாளியைப் பிடிப்பது. லைசன்ஸ் மலிவாக இருக்கும்போதே வாங்கிவிடுவது. பாகிஸ்தான், கம்போடியா, கானா, தன்சானியா, குவாத்தமாலா, பரகுவே என்று வரைபடம் நிறைந்தது அப்படித்தான்.

இலங்கையில் செல்டெல் தொடங்கியது 1989 இல். தெற்காசியாவின் முதல் மொபைல் வலையமைப்பு அதுதான். இந்தியாவில் முதல் மொபைல் கோல் எடுக்கப்பட்டது 1995 இல் என்பதை நினைச்சுப் பார்த்தால், எவ்வளவு முந்திய விசயம் என்று விளங்கும். ஆனா அந்த வருசத்தையும் கொஞ்சம் நினைவில எடுங்கோ. தெற்கில் ஜேவிபி கிளர்ச்சியும் அதை அடக்கிய கொலைகளும். வடக்கு கிழக்கில் இந்திய அமைதிப்படை. அப்படியான ஒரு நாட்டில, கொழும்பில் சில வர்த்தகர்களின் கையில செங்கல் மாதிரி ஒரு போன் வந்து சேர்ந்தது. போனும் விலை, கோலும் விலை. நீங்கள் எடுக்கிற கோலுக்கு மட்டுமில்லை, உங்களுக்கு வாற கோலுக்கும் காசு. யாழ்ப்பாணத்துக்கு மொபைல் சேவை வந்தது 2002 யுத்த நிறுத்தத்துக்குப் பிறகுதான். "தெற்காசியாவில முதலாவது" என்ற பெருமையைச் சொல்லுறபோது, இந்தப் பதின்மூன்று வருச இடைவெளியையும் சேர்த்துச் சொல்லவேணும்.

முதலாவதாக வந்தவர் முதலாவதாகவே இருப்பார் என்று ஒரு சட்டமுமில்லை. 90களில் கோல் லிங்க் வந்தது (1997 இல் அதை ஹொங்கொங்கின் ஹச்சிசன் வாங்கியது, அதுதான் ஹட்ச்). 1993 இல் மொபிடெல் வந்தது. 1995 இல் மலேசிய முதலீட்டோடு டயலொக், நேரடியாக ஜிஎஸ்எம் டிஜிட்டல் தொழில்நுட்பத்தில் இறங்கியது. செல்டெல் பழைய அனலொக் முறையில் தொடங்கியதால் பிறகு மாறவேண்டிய சுமை அதற்கு இருந்தது. டயலொக் முன்னுக்குப் போய்விட்டது. முன்னோடி பின்தங்கின கதை.

2004 இல் இருந்து மிலிகொம் தன்ர வெவ்வேறு நாட்டுக் கம்பனிகளை டிகோ என்ற ஒரே பெயருக்குக் கீழ கொண்டுவரத் தொடங்கியது. பெயர் மட்டும் மாறவில்லை, யாருக்கு விற்கிறது என்பதும் மாறியது. மாத பில் கட்டுகிற வசதியான வாடிக்கையாளரை விட்டுவிட்டு, பெட்டிக்கடையில சின்னச் சின்னத் தொகைக்கு ரீலோட் போடுகிற ஆளைப் பிடிப்பது. ஒருவரிடம் கொஞ்சக் காசுதான் வரும், ஆனா ஆட்கள் கோடிக்கணக்கில். 2007 தொடக்கத்தில் எங்கட செல்டெலும் டிகோ ஆனது.

இதுக்கிடையில மிலிகொமையே விழுங்க ஒருவர் வந்தார். 2006 இல் சைனா மொபைல் முழு மிலிகொமையும் 5 பில்லியன் டொலருக்கு மேல் கொடுத்து வாங்கப் பேச்சு நடத்தியது. கடைசி நேரத்தில் அது முறிந்தது. ஆனால் அடுத்த வருசமே மிலிகொமின் பாகிஸ்தான் கம்பனியான பக்டெலை மட்டும் சைனா மொபைல் வாங்கியது. இண்டைக்குப் பாகிஸ்தானில் இருக்கிற சொங், அந்தப் பக்டெல்தான். அந்த 2006 பேரம் படிந்திருந்தால் 072 உம் பெய்ஜிங்குக்குப் போயிருக்கும். இங்க ரீலோட் போட்டுக்கொண்டிருந்த ஒருவருக்கும் அது தெரியவந்திராது.

பிறகு 2009. உலக நிதி நெருக்கடி. அதே வருசம் ஜனவரியில் எயார்டெல் இலங்கைக்குள் வந்து கட்டணப் போரைத் தொடக்கியது. இரண்டு கோடிச் சனத்துக்கு ஐந்து மொபைல் கம்பனிகள். கட்டணம் விழுந்த வேகத்தில், 2010 இல் ஒழுங்குமுறை ஆணைக்குழு "இதுக்குக் கீழ போகக்கூடாது" என்று அடிமட்ட விலை போடவேண்டி வந்தது. மிலிகொம் கணக்குப் பார்த்தது. ஆசியாவில் போட்டி கூட, லாபம் குறைவு. கம்போடியாவை உள்ளூர்க் கூட்டாளிக்கும், லாவோஸை ரஷ்யாவின் விம்பெல்கொமுக்கும், இலங்கையை அமீரகத்தின் எடிசலாட்டுக்கும் விற்க ஒத்துக்கொண்டது. இலங்கைக் கம்பனிக்குப் போட்ட மதிப்பு 207 மில்லியன் டொலர். இருபது வருசத்துக்கு முதல் வந்தவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆபிரிக்காவிலும் இதே கதைதான் பிறகு நடந்தது. கொங்கோவை ஒரேஞ்சுக்கும், ருவாண்டாவை எயார்டெலுக்கும் விற்றார்கள். தன்சானியாவை 2022 இல் விட்டுவிட்டு வெளியேறினார்கள். எல்லாத்திலும் யோசிக்க வைப்பது கானா. அங்க டிகோவும் எயார்டெலும் 2017 இல் ஒன்றாகின. அப்பவும் லாபம் வரவில்லை. 2021 இல் அந்தக் கம்பனியைக் கானா அரசாங்கம் ஒரு டொலருக்கு எடுத்தது. ஒரேயொரு டொலர். கடனும் ஊழியர்களும் கோபுரங்களும் அதோட சேர்ந்தே அரசாங்கத்திட்ட வந்தன. அதே வருசம் குவாத்தமாலாவில் கூட்டாளியிடம் இருந்த 45 வீதப் பங்கை வாங்க மிலிகொம் கொடுத்தது 2.2 பில்லியன் டொலர். எங்க லாபமோ அங்க வேர் விடு, எங்க இல்லையோ அங்க இருந்து பிடுங்கு. இண்டைக்கு டிகோ என்றால் லத்தீன் அமெரிக்கா.

எங்கட பக்கம் திரும்புவோம். எடிசலாட்டுக்கும் இலங்கைச் சந்தை இனிக்கவில்லை. 2018 இல் அது ஹட்சோட சேர்ந்தது. ஹச்சிசன் பெரும்பான்மைப் பங்கை எடுத்தது, எடிசலாட்டுக்கு மிஞ்சினது 15 வீதம். 2024 இல் எயார்டெல் லங்காவை டயலொக் எடுத்துக்கொண்டது. ஐந்து இப்ப மூன்று: டயலொக், மொபிடெல், ஹட்ச்.

இதில யாரும் களவெடுத்ததாக நான் சொல்ல வரவில்லை. போட்டி இருந்த காலத்தில் எங்களுக்கு லாபமும் கிடைச்சது. "கொமினிக்கேஷன்" கடை வாசலில் வரிசையில நிண்டு வெளிநாட்டில இருக்கிற பிள்ளையோட கதைச்ச அம்மாவின் கையில இப்ப சொந்தமா ஒரு போன் இருக்கு. அது சின்ன விசயமில்லை. அந்த மாற்றத்தில் மிலிகொம் மாதிரியானவர்களின் துணிச்சலுக்கும் பங்கிருக்கு.

ஆனா ஒரு கேள்வி மிச்சமிருக்கு. ஒரு கம்பனி கைமாறுறபோது கோபுரங்களும் அலைவரிசை உரிமையும் மட்டும் விற்கப்படுவதில்லை. "இத்தனை இலட்சம் வாடிக்கையாளர்" என்று அந்த விலைக்குள்ள நாங்களும் இருக்கிறோம். எங்கட பெயர், அடையாள அட்டை இலக்கம், யாரோட எப்ப கதைச்சோம் என்ற பதிவு, எல்லாம் சேர்ந்துதான் புது முதலாளியிடம் போகுது. வாற எஸ்எம்எஸ்சில் பெயர் மாறியிருப்பதைப் பார்த்துத்தான் விற்கப்பட்டோம் என்றே எங்களுக்குத் தெரியவருது. யாருக்கு எப்ப கோபுரம் வரும், எவ்வளவு விலை என்று தீர்மானிக்கிற மேசை ஸ்டொக்ஹோமிலோ அபுதாபியிலோ ஹொங்கொங்கிலோ இருக்கும்போது, முல்லைத்தீவுக் கிராமமொன்றில் சிக்னல் தேடிக் கையை உயர்த்திக்கொண்டு நிற்கிறவருக்கு அந்த மேசையில் ஒரு கதிரையும் இல்லை. அந்தக் கதிரையில் இருக்கவேண்டியது எங்கட ஒழுங்குமுறை ஆணைக்குழு. ஐந்து மூன்றாகிப்போன இந்த நேரத்தில, அது யாருக்காகக் கதைக்குது என்று பார்த்துக்கொண்டிருப்பது எங்கட வேலை.