பெற்றோல் டாங்கியின் வாய் ஏன் ஒடுங்கியது?



கடந்த வாரம் வகுப்பில் உலோகங்கள் பற்றிய பாடம். ஈயத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது பின்வாங்கில் இருந்த மாணவன் ஒருவன் எழும்பினான். "சேர், வாப்பாட கார்ல பெற்றோல் அடிக்கிற மூடிக்குள்ள 'ஈயமில்லாத பெற்றோல் மட்டும்' எண்டு இங்கிலீஷ்ல எழுதியிருக்கு. பெற்றோலுக்குள்ள ஈயம் எப்படி சேர் வரும்?"

நல்ல கேள்வி. வகுப்பில் அவனுக்குச் சொன்னதையும், வீட்டுக்கு வந்து தேடி வாசித்ததையும் சேர்த்து எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான், ஆறுதலாக வாசியுங்கள்.

தேடும்போது நாம் போய் நின்ற இடம் பிரித்தானியா. அங்கே வீட்டுக் கராஜுக்குள் தாங்களாகவே கார் கட்டும் ஆட்கள் நிறையப் பேர். 1957இல் வந்த லோட்டஸ் செவன் என்ற சிறிய கார் இதற்குப் பேர்போனது. முழுக் காராக வாங்கினால் கொள்வனவு வரி. பாகங்களாக வாங்கி நாமே பூட்டினால் அந்த வரி இல்லை. 1973இல் வரிமுறை மாறி அந்த இலாபம் போனது. ஆனால் ஆசை போகவில்லை. அதே காரின் வழிவந்ததை கேட்டர்ஹாம் என்ற கம்பனி இன்றும் செய்கிறது.

1998 முதல் இப்படிக் கட்டிய கார்களைத் தனித்தனியாகச் சோதித்த பிறகே அங்கே வீதியில் விடுகிறார்கள். 2009இல் அந்தச் சோதனை இன்னும் இறுக்கமாகி, தனி வாகன அங்கீகாரம் என்று பெயரும் மாறியது. பிரேக், லைட், சீட் பெல்ட் எல்லாம் பார்ப்பார்கள். எமக்கு ஆச்சரியம் தந்தது, பெற்றோல் ஊற்றும் வாய்க்கு மட்டும் இத்தனை விதிகள் இருப்பதுதான். பெற்றோலோ அதன் ஆவியோ கசியக் கூடாது. மூடி தொலைந்துபோகக் கூடாது: ஒன்றில் காரோடு கட்டியிருக்க வேண்டும், அல்லது பூட்டினால் மட்டும் திறப்பைக் கழற்ற முடிகிற மாதிரி இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் விளிம்பு கூராக இருக்கக் கூடாது, ஆளில் பட்டால் வெட்டும். பழைய ரேஸ் கார்களில் உள்ள பளபளக்கும் மூடியை ஆசைப்பட்டு வாங்கிப் பூட்டியவர் இங்கேதான் மாட்டிக்கொள்வார்.

இவையெல்லாம் யோசித்தால் விளங்கும். விளங்காதது அடுத்தது. 23.6 மில்லிமீற்றரோ அதைவிடக் கூடவோ வெளிவிட்டமுள்ள பம்ப் குழாய் டாங்கியின் வாய்க்குள் போகக் கூடாதாம். அதென்ன கணக்கு?

அந்தக் கணக்கு அமெரிக்காவிலிருந்து வந்தது. 1921 டிசம்பரில், ஜெனரல் மோட்டர்ஸ் ஆய்வுகூடத்தில் தோமஸ் மிஜ்லி என்பவர் ஈயச் சேர்வை ஒன்றைப் பெற்றோலில் கலந்தால் எஞ்சின் 'டக் டக்' என்று தட்டுவது நிற்பதைக் கண்டார். 1923இல் அது விற்பனைக்கு வந்தது. வைத்த பெயர் 'எதில்'. ஈயம் என்ற சொல்லே அந்தப் பெயரில் இல்லை. ஈயம் நஞ்சு என்பது அவர்களுக்குத் தெரியாமல் இருந்ததா? மிஜ்லியே ஈய நஞ்சினால் சுகமில்லாமல் ஓய்வெடுத்தவர். 1924 ஒக்டோபரில் நியூ ஜேர்சி சுத்திகரிப்பு ஆலையில் அந்தச் சேர்வையைக் கையாண்ட தொழிலாளர்கள் புத்தி பேதலித்தார்கள். ஐந்து பேர் இறந்தார்கள். அதே மாதம் மிஜ்லி பத்திரிகையாளர் முன்னிலையில் அதைக் கையில் ஊற்றி, முகர்ந்து காட்டி, ஒன்றுமில்லை என்றார். இந்த இடத்தை வாசிக்கும்போது எமக்குக் கோபம் வந்தது. அதன் பிறகும் ஐம்பது வருடம் உலகமே அதைத்தான் எரித்தது.

ஈயத்தை நிறுத்த வைத்தது எது? குழந்தைகளின் உடல்நலம் என்று நினைப்பீர்கள். அதற்காக ஈயத்தைப் படிப்படியாகக் குறைக்கும் விதி 1976 வரை வழக்கில் இழுபட்டது. முதலில் நடைமுறைக்கு வந்தது ஒரு இயந்திரப் பாகத்தைக் காப்பாற்றும் விதி! புகையைச் சுத்தமாக்க 1975 மொடல் கார்களில் கற்றலிற்றிக் கன்வேட்டர் பூட்டினார்கள். அதற்குள் இருக்கும் பிளாட்டினத்தின் மேல் ஈயம் படிந்தால் அது வேலை செய்யாது. எனவே 1974 ஜூலை முதல் பெரிய பெற்றோல் செட்களில் ஈயமில்லாத பெற்றோலும் விற்க வேண்டும் என்றார்கள். ஈயப் பெற்றோலின் குழாயைத் தடிப்பாக்கினார்கள், புதிய கார்களின் டாங்கி வாயை ஒடுக்கினார்கள். ஈயப் பெற்றோல் விலை குறைவு என்பதால் அந்த ஒடுங்கிய வளையத்தை உடைத்தெறிந்தவர்களும், புனல் வைத்து ஊற்றியவர்களும் இருந்தார்கள். மனிதன் எங்கும் ஒன்றுதான்.

ஆனாலும் பலன் கிடைத்தது. 1976க்கும் 1980க்கும் இடையில் அமெரிக்க மக்களின் இரத்தத்திலிருந்த ஈயம் சராசரியாக 37 வீதம் குறைந்தது. பிளாட்டினத்தைக் காக்க எழுதிய விதி பிள்ளைகளின் மூளையையும் காத்தது.

பிரித்தானியாவில் 1983இல் ஒரு அரச ஆணைக்குழு ஈயத்தை நிறுத்தச் சொன்னது. 2000ஆம் ஆண்டு பிறந்தபோது அங்கே சாதாரண செட்களில் அது விற்கத் தடை. எமது நாட்டில் 2002 ஜூனில் நின்றது. கடைசியாக நிறுத்திய நாடு அல்ஜீரியா, 2021இல்.

இப்போது பிரித்தானியாவில் ஈயப் பெற்றோல் குழாய் இல்லை. ஆனால் வாயின் அளவு மாறவில்லை. அங்கே டீசல் குழாய் பெரும்பாலும் தடிப்பு என்பதால், பெற்றோல் காருக்குத் தவறி டீசல் அடிப்பதை அந்த வாய் தடுக்கிறது. மறுபக்கம் தடுப்பில்லை: பெற்றோல் குழாய் டீசல் வேனுக்குள் சுகமாகப் போகும். டீசல் வேன் வைத்திருப்பவர்கள் பம்பில் நிற்கும் தம்பியிடம் வாயால் சொல்லிவிடுங்கள்.

2002க்கு முன் பெற்றோல் செட்டில் வேலை செய்த மூத்தவர்கள் யாராவது இதை வாசித்தால், அந்தக் காலத்துப் பம்ப் எப்படி இருந்தது, ஈயமுள்ளதையும் இல்லாததையும் எப்படிப் பிரித்தறிந்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். வகுப்பில் அந்த மாணவனைக் கொண்டே வாசிக்க வைப்போம்.