துவிச்சக்கர வண்டியின் தோலாசனம்

1878 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரிலே வணிகர் ஒருவரின் குதிரை இறந்துபோயிற்று. வணிகரின் பெயர் ஜோன் போல்ட்பி புறூக்ஸ். குதிரைகளுக்கு வேண்டிய சேணமும் வாரும் செய்து விற்பது அவர் தொழில். லெஸ்ரர்ஷயர்ப் பகுதியிலுள்ள ஹிங்க்லி என்னும் ஊரிலிருந்து இருபது பவுணுடன் புறப்பட்டு, 1866 ஆம் ஆண்டிற் பேர்மிங்காமில் தொழில் தொடங்கியவர் அவர். குதிரை இறந்தபின் வேறொன்று வாங்கக் கையிற் பணம் இருக்கவில்லை. ஆகவே, வேலைக்குப் போய்வர ஒரு துவிச்சக்கர வண்டியை இரவலாகப் பெற்றார். வண்டி ஓடியது, ஆனால் அதன் ஆசனம் அவரை வருத்திய வருத்தம் பொறுக்கத்தக்கதாக இருக்கவில்லை. ஊராருக்கெல்லாம் சேணம் செய்து கொடுத்தவர் தாம் அமர்வதற்கு நல்ல இருக்கையின்றித் தவித்தார். நான்காண்டு கழித்து, 1882 ஒக்டோபர் 28 ஆந் திகதி, புதியதோர் ஆசனத்துக்கு அவர் காப்புரிமை கோரினார்.

இது அவருடைய நிறுவனத்தார் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. நூறாண்டுக்கு மேலாகச் சொல்லப்படும் கதையில் குதிரையின் மரணம் சிறிது மெருகேறியிருந்தாலும் வியப்பதற்கில்லை. எனினும், துவிச்சக்கர வண்டிக்கு நல்ல இருக்கையைத் தந்தவர்கள் சேணக்காரர்களே என்பதில் ஐயமில்லை. பேர்மிங்காமுக்கு அயலிலுள்ள வோல்சோல் நகரம் அக்காலத்திற் சேணத் தொழிலுக்கே பேர்போனது. அந்நகரின் உதைபந்தாட்டக் கழகத்தை இன்றும் 'சேணக்காரர்' என்றே அழைப்பர். தோலின் இயல்பை அறிந்த கைகள் அப்பகுதியில் ஏராளமாக இருந்தன.

அதற்கு முன்னிருந்த நிலை என்ன? 1817 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் மன்ஹைம் நகரிலே கார்ல் வொன் டிறைஸ் ஓட்டிக் காட்டிய வண்டிக்கு மிதியே கிடையாது; ஏறியிருந்தவர் காலால் நிலத்தை உந்திச் சென்றார். 1860களிற் பாரிஸ் நகரத்து மிஷோ குடும்பத்தாரின் பட்டறையிலிருந்து மிதியுள்ள வண்டிகள் வெளிவந்தன. மரச் சில்லு, அதன்மேல் இரும்புப் பட்டை, கீழே கற்கள் பதித்த வீதி. இவ்வண்டிக்கு ஆங்கிலேயர் 'எலும்பு குலுக்கி' என்று பெயரிட்டனர். டன்லொப் என்பார் பெல்பாஸ்ற் நகரிலே காற்றடைத்த ரயரை ஆக்கியது 1888 ஆம் ஆண்டில்தான். அதுவரை வீதியின் அதிர்ச்சிக்கும் மனித உடலுக்கும் இடையே காவல் நின்றது பெரும்பாலும் ஆசனம் ஒன்றே.

குதிரைச் சேணத்தின் உள்ளே ஒரு சட்டம் உண்டு. அதன்மீது தோல் போர்த்தப்படும். சட்டம் இறுக்கமாயிருந்தாலும் அதன் கீழே உயிருள்ள குதிரையின் முதுகு இருக்கிறது. அது அசையும், வளையும், இடங்கொடுக்கும். துவிச்சக்கர வண்டியிலோ கீழே இருப்பது இரும்புக் குழாய். பலகைமீது தோலைப் போர்த்தினால் அமர்பவர் பலகைமீதே அமர்ந்தவராவார். இச்சிக்கலுக்குக் கிடைத்த விடை, தோலின் கீழே எதனையும் வையாது விடுவதாகும். முன்னே மூக்குப் போன்ற ஒரு முனையிலும் பின்னே வளைந்த ஓர் இரும்புத் தகட்டிலும் தோலைப் பிணைத்து, நடுவே அந்தரத்திற் தொங்கவிட்டனர். குழந்தையை வளர்த்தும் ஏணையில் உள்ள சூட்சுமமும் இதுவே. ஏணைச் சீலை குழந்தையின் முதுகுக்கேற்ப வளைகிறது. சீலைக்கென்று தனி வடிவம் இல்லை.

இதற்கு எல்லாத் தோலும் ஏற்றதன்று. மாட்டின் முதுகுப்புறத்துத் தடித்த தோலே வேண்டும். மரப்பட்டை முதலிய தாவரச் சாயங்களிற் பதனிட்டபின், ஏறத்தாழ ஐந்து மில்லிமீற்றர் தடிப்பில் அது வெட்டப்படும். வெட்டிய துண்டை நீரில் ஊறவைத்து, அச்சிலே அழுத்தி, உலரவிட்டு, விளிம்பைச் சீவி, இறுதியிற் செப்புத் தறையாணிகளைச் சம்மட்டியால் அடித்து இரும்புச் சட்டத்துடன் பொருத்துவர். இவ்வாறு உருவாகி வெளிவரும் புதிய ஆசனம் மரம்போற் கடினமாயிருக்கும். அதனை முதன்முதல் வாங்கியவர் ஏமாற்றப்பட்டதாகவே எண்ணுவார்.

மெத்தென்று இருப்பதே சுகம் என்று எண்ணுவது மனித இயல்பு. ஆனால் அமரும்போது உடலின் பாரம் முழுவதும் பரந்து விழுவதில்லை. இடுப்பெலும்பின் அடியிலுள்ள இரண்டு முனைகளே அதனைத் தாங்குகின்றன. பஞ்சணை போன்ற ஆசனத்தில் அம்முனைகள் இரண்டும் அமிழ்ந்துவிட, அவற்றுக்கு நடுவேயுள்ள பகுதி மேலே பிதுங்கி எழும். நரம்பும் குருதிக் குழாயும் செல்லும் மென்மையான இடம் அதுவே. முதல் மைலிற் சுகமாயிருந்தது பத்தாவது மைலில் மரத்துப்போவதற்குக் காரணம் இது. தோலாசனம் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்கிறது. எலும்பு முனைகள் அழுத்தும் இரண்டிடத்தில் மட்டும் அது மெல்லக் குழிகிறது. ஏனைய இடமெல்லாம் இறுக்கமாகவே நிற்கிறது.

இவ்வுண்மை எளிதில் ஏற்கப்படவில்லை. 1885 ஆம் ஆண்டிற் கொவென்றி நகரத்து ஜோன் கெம்ப் ஸ்ராலியின் 'றோவர்' வண்டி வந்தது. பின்னர் காற்று ரயரும் வந்தது. 1890களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஆண்களும் பெண்களும் இலட்சக்கணக்கில் வண்டியேறினர். ஆசனம் பற்றிய முறைப்பாடும் அதனுடன் பெருகிற்று. அமெரிக்காவின் ஒகையோ மாநிலத்து இலீரியா நகரிலே ஆர்தர் கார்ஃபட் என்பார் மெத்தை வைத்த ஆசனங்களைச் செய்து செல்வந்தரானார். காற்றடைத்த ஆசனமும் விற்பனைக்கு வந்தது. மருத்துவர் சிலர் பெண்கள் வண்டியோட்டுவதே தீது என்று எழுதினர். பெண்களின் இடுப்பெலும்பு முனைகள் சற்று அகன்றிருப்பதால், ஆண்களுக்கென அளவிட்ட ஒடுங்கிய ஆசனம் அவர்களை வருத்தியது உண்மையே. அதற்கு மருந்து அகன்ற ஆசனமேயன்றித் தடையன்று. நீண்ட பாவாடை சிக்காதபடி மூக்குக் குறுகிய அகன்ற ஆசனங்களைச் செய்தவர்கள், மருத்துவரிலும் பார்க்க நல்ல மருத்துவம் செய்தனர் எனலாம்.

மூக்கில்லாத ஆசனமும் அந்நாளிலேயே தோன்றியது. அதனைக் கேலி செய்தவர் பலர். எனினும், 2008 ஆம் ஆண்டில் அமெரிக்க அரசின் தொழிற் சுகாதார ஆய்வு நிலையம், துவிச்சக்கர வண்டியிற் காவல்புரியும் பொலிசாருக்கு அத்தகைய ஆசனத்தை ஆறு மாதம் கொடுத்துப் பார்த்து, மரத்துப்போகும் குறை வெகுவாகத் தணிந்ததெனக் கண்டது. முறைப்பாடு வெறும் செல்லங்கொஞ்சலன்று.

இனி, புதிய தோலாசனத்தைப் பழக்கும் கலை. பழக்குதல் என்ற சொல் குதிரைக்கு உரியது. ஆனால் இங்கே பழகுவது ஆசனம் மாத்திரமா, அமர்பவருமா என்று பிரித்துச் சொல்வது கடினம். ஐந்நூறு மைல் ஓடவேண்டும் என்பாரும் ஆயிரம் மைல் என்பாரும் உளர். பொறுமையற்றவர்கள் எக்காலத்தும் குறுக்குவழி தேடினர். ஆசனத்தை எண்ணெயில் ஊறவைத்தனர், வெந்நீரில் நனைத்தனர், சம்மட்டியால் அடித்தவரும் உண்டு. பிரான்சில் 'ஐடியால்' ஆசனங்களைச் செய்தவர்கள், துவிச்சக்கர வண்டிச் சித்திரங்களாற் புகழ்பெற்ற தானியல் ரெபூரின் பெயரைச் சூட்டி, தொழிற்சாலையிலேயே இளக்கிய ஆசனங்களை விற்றனர். பொறுமைக்கும் ஒரு விலை உண்டென்று கண்டுகொண்டவர்கள் அவர்கள்.

எண்ணெயில் ஊறிய தோல் விரைவில் இளகும் என்பது மெய். ஆனால் அது வேண்டிய இரண்டிடத்தில் மட்டும் இளகுவதில்லை, எங்கும் இளகும். சில மாதங்களில் நடுப்பகுதி ஏணைபோற் தாழ்ந்துவிடும். இரு பக்கங்களும் வெளியே விரிந்து தொடையை உராயும். அறிந்தவர்கள் செய்தது மிகச் சிறிது. கொழுப்பும் மெழுகும் கலந்த களிம்பை மேற்புறத்தில் மெல்லப் பூசி, அடிப்புறத்தில் அதனினும் குறைவாகப் பூசித் துடைத்தனர். மழையில் நனைந்தால் நிழலில் உலரவிட்டனர். வெயிலிலோ அடுப்பருகிலோ வைப்பதில்லை. நனைந்த ஆசனத்தில் ஏறியோடினால் ஒரே நாளில் அதன் உருவம் கெட்டுவிடக்கூடும்.

ஆசனத்தின் மூக்கினடியில் ஒரு திருகாணி இருக்கிறது. பல ஆசனங்களின் வாழ்வு அதனாலேயே குறுகியது. காலப்போக்கில் தோல் நீளும்போது, மூக்கைச் சிறிது முன்னே தள்ளித் தோலை இழுத்துப் பிடிப்பதற்காக வைக்கப்பட்டது அது. ஒருமுறைக்குக் காற்சுற்றுப் போதும். பின்னர் பல நாள் ஓடிப் பார்த்தல் வேண்டும். ஆனால் கையிற் சாவி அகப்பட்டவுடன் முறுக்கிப் பார்ப்பவர்கள் புத்தம்புதிய ஆசனத்தையும் இறுக்கினர். அதனாற் தறையாணியைச் சுற்றித் தோல் கிழிந்தது. எண்ணெயால் தாழ்ந்த ஆசனத்தை இறுக்கியபோதோ, இழுவை முன்னும் பின்னுமாகவே செல்வதால் நடுவில் ஒரு முகடு எழுந்ததேயன்றி விரிந்த பக்கங்கள் கூடவில்லை. அதற்குத் தக்க மருந்து, இரு பக்க விளிம்பிலும் துளையிட்டு அடியிற் கயிற்றாற் பின்னிக் கட்டுவதே.

ஆசனத்தைக் குறைகூறியவர்களுட் பலருக்குக் குறை அதன் நிலையில் இருந்தது. மிதி தாழ நிற்கையில் குதிக்காலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நிமிரவேண்டும். உயரத்துக்கு இதுவே பழைய அளவுகோல். மூக்கு முன்னே சரிந்திருந்தால் அமர்பவர் வழுக்கி முன்செல்வார், உடலின் பாரத்தைக் கைகள் தாங்கும், மணிக்கட்டு நோகும். தோலாசனத்தின் நடு தாழ்வதால் அதன் மூக்கை ஓர் இழையளவு உயர்த்தி வைப்பதே வழக்கம். நிமிர்ந்திருந்து ஓட்டுபவரின் பாரம் பெரும்பாலும் பின்புறம் விழுவதால் அகன்ற ஆசனமும் சுருள்வில்லும் வேண்டும். குனிந்தோடும் பந்தயவீரருக்கு ஒடுங்கியது வேண்டும். பந்தயவீரர் புதிய வண்டி பெற்றாலும் பழகிய ஆசனத்தைக் கழற்றி அதிற் பூட்டிக்கொள்வர்.

நொட்டிங்காம் நகரிலிருந்து இலங்கைக்கு வந்த றலி வண்டிகள் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளிலும் கொழும்பு வீதிகளிலும் ஓடிய காலத்தில், ஆசனத்தின் பின்புறத்திற் புறூக்ஸ் என்ற பெயர் பொறித்திருப்பதைப் பலர் கண்டிருப்பர். 1958 ஆம் ஆண்டில் றலி நிறுவனமே புறூக்ஸை வாங்கிற்று. ஆனால் 1960களிற் பிளாஸ்ரிக் ஆசனங்கள் பரவின. அவை பாரங்குறைந்தவை, மழைக்கு அஞ்சாதவை, பழக்கவேண்டிய தேவையும் இல்லாதவை. 1980களில் கூழ்போன்ற பொருள் அடைத்த ஆசனங்கள் வந்து, கார்ஃபட்டின் பழைய வாக்குறுதியை மீண்டும் கூறின. 2000 ஆம் ஆண்டில் றலியின் அப்போதைய உரிமையாளர் புறூக்ஸைக் கைமாற்றிவிட, வாங்கியவர் விரைவிலேயே முறிந்துபோயினர். ஸ்மெதிக் நகரிலிருந்த தொழிற்சாலை மூடப்படும் நிலைக்கு வந்தது. 2002 ஆம் ஆண்டில் அதனை எடுத்துக்கொண்டது இத்தாலியின் 'செல்லே றோயல்' நிறுவனம். கூழடைத்த மெத்தாசனங்களாலே பெயர் பெற்ற அதே நிறுவனம்! அது தோலாசனத்தைக் கைவிடவில்லை. 1890களின் இறுதியில் வெளிவந்த 'பி 17' என்னும் ஆசனம் இன்றும் செய்யப்படுகிறது.

பழைய தோலாசனம் ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தால் இரண்டு குழிகள் தெரியும். அவை பெரும்பாலும் ஒரே அளவினவாக இருப்பதில்லை. வலது குழி சற்று ஆழமாகவோ இடது குழி சற்று அகன்றோ இருக்கும். பல்லாண்டு அதில் அமர்ந்தவர் எப்பக்கம் சாய்ந்து அமர்ந்தார் என்பதைத் தோல் பதிந்து வைத்திருக்கிறது. அவ்வண்டியை இரவல் வாங்கி ஓட்டுபவருக்கு அந்தக் குழிகள் பொருந்துவதில்லை.