தெருவைக் கடக்காத கோடுகள்

நகர வடிவமைப்பு வகுப்புகளில் இன்றும் காட்டப்படும் ஒரு பழைய படம் உண்டு. மூன்று தெருக்கள், இருபுறமும் வீடுகள், வீட்டுக்கு வீடு இழுத்த கோடுகள். முதல் தெருவில் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கிடக்கும். மூன்றாவதில் எண்ணிவிடலாம்.

வரைந்தவர் டொனால்டு ஆப்பிள்யார்டு. இங்கிலாந்தில் பிறந்து, கட்டடக்கலை படித்து, அமெரிக்கா போனவர். வேடிக்கை என்னவென்றால், 1964இல் கெவின் லிஞ்ச், ஜான் மையர் ஆகியோருடன் அவர் எழுதிய 'தி வியூ ஃப்ரம் தி ரோடு' முழுக்க முழுக்க கார்க்காரர் பக்கத்து நூல். நெடுஞ்சாலையில் விரைகிறவர் கண்ணுக்கு நகரம் எப்படி விரிய வேண்டும் என்பதே அதன் கவலை.

பெர்க்லியில் பேராசிரியரான பிறகு காரை விட்டு இறங்கினார் என்றே சொல்ல வேண்டும். 1960களின் கடைசியில், மார்க் லின்டெல்லுடன் சேர்ந்து சான் ஃபிரான்சிஸ்கோவில் மூன்று தெருக்களை எடுத்துக்கொண்டார். பார்வைக்கு மூன்றும் ஏறக்குறைய ஒன்றுதான். போக்குவரத்துதான் வேறு: ஒன்றில் நாளொன்றுக்குச் சுமார் 2,000 வண்டிகள், அடுத்ததில் 8,000, மூன்றாவதில் 16,000.

அங்கே குடியிருந்தவர்களிடம் இரைச்சல், புகை, பயம் பற்றியெல்லாம் கேட்டார்கள். கூடவே, 'இந்தத் தெருவில் உங்கள் நண்பர்கள் எந்தெந்த வீட்டில்?' என்றும் கேட்டார்கள். அந்தப் பதில்கள்தான் கோடுகள் ஆயின. வண்டி குறைந்த தெருவில் ஆளுக்குச் சராசரியாக 3 நண்பர்கள், 6.3 அறிமுகங்கள். வண்டி மிகுந்த தெருவில் 0.9 நண்பர், 3.1 அறிமுகங்கள். உங்கள் வீட்டு எல்லை எதுவரை என்று வரையச் சொன்னபோது, முதல் தெருக்காரர்கள் தெருவையே வளைத்துக்கொண்டார்கள். மூன்றாம் தெருக்காரர்களின் எல்லை அவரவர் கட்டடத்தோடு சரி, சிலருக்கு அதுவும் இல்லை.

பேட்டி கொடுத்தவர்கள் சில டஜன் பேர்தான். மூன்றாம் தெருவில் குழந்தையுள்ள குடும்பங்கள் குறைவு, வாடகைக்கு இருந்தவர்களே மிகுதி. வண்டிகள் உறவை அறுத்தனவா, உறவு தேடாதவர்கள் அங்கே குடிவந்தார்களா என்று யாரும் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். ஆனால் குழந்தை வைத்திருப்பவர்கள் ஏன் அங்கே தங்கவில்லை என்பதற்கு வண்டிகளை விட்டுவிட்டுப் பதில் சொல்ல முடியுமா?

1972இல் இந்த ஆய்வு பற்றிய கட்டுரை வந்தது, 1981இல் 'லிவபிள் ஸ்ட்ரீட்ஸ்' நூல். அடுத்த ஆண்டே ஏதென்ஸில், வேகமாக வந்த கார் மோதி ஆப்பிள்யார்டு இறந்தார். தனிமை உடம்பைக் கெடுக்கும் என்று பொதுச் சுகாதாரத் துறையினர் உரக்கப் பேசத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். 2008இல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஜோஷுவா ஹார்ட் என்ற ஆய்வாளர் அதே கேள்விகளோடு மூன்று தெருக்களில் இறங்கினார். அங்கும் வண்டி பெருகிய தெருவில்தான் நண்பர்கள் குறைவாக இருந்தார்கள்.