சேரன்மாதேவி குருகுலம்: ஒரு விடுதி, இரண்டு பந்தி

கீழக்கடையம் ஸ்டேஷனில் திருநெல்வேலி பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்தால் ரவணசமுத்திரம், ஆழ்வார்குறிச்சி, கீழாம்பூர், அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி தாண்டி சேரன்மகாதேவி வந்துவிடும். ஒரு மணி நேரம்கூட ஆகாது. இந்த ரூட்டில் எத்தனையோ தடவை போயிருக்கேன். நூறு வருஷத்துக்கு முன்னால் தமிழ்நாட்டு அரசியலையே ரெண்டாகப் பிளந்த ஒரு ஹாஸ்டல் சண்டை இந்த ஊரில்தான் நடந்தது என்பது ரொம்ப நாள் எனக்குத் தெரியாது. புத்தகங்களில் 'சேரன்மாதேவி குருகுலப் போராட்டம்' என்று படித்திருக்கிறேன். நம்ம சேர்மாதேவிதான் அது என்று மண்டையில் உறைக்கவில்லை, அவ்வளவுதான்.

இதைத் தேடிப் போனதற்குக் காரணம் வேறு. சொந்தக்காரப் பையன் ஒருத்தன் அமெரிக்காவில் படிக்கிறான். அங்கே காலேஜ் பக்கத்தில் கிரேக்க எழுத்து போட்ட பெரிய பெரிய வீடுகள் இருக்குமாம். பிராட்டர்னிட்டி ஹவுஸ் என்று பேர். பெண்களுக்கு இருந்தால் சொராரிட்டி. "யாரை வேணா உள்ள சேத்துக்க மாட்டாங்க சித்தப்பா. அவங்களா பாத்து எடுத்துப்பாங்க"ன்னு போனில் சொன்னான். அந்த வழக்கத்துக்கு இருநூறு வயசு. 1825-இல் நியூயார்க் மாநிலத்து யூனியன் காலேஜில் தொடங்கிய கப்பா ஆல்பா சங்கத்தைத்தான் அதற்கு முன்னோடியாகச் சொல்கிறார்கள். முதலில் சங்கம், அப்புறம் சங்கத்துக்கு வீடு. வீடு வந்ததும், யார் கூட யார் தங்குவது, யார் கூட யார் சாப்பிடுவது என்ற கேள்வியும் வந்துவிட்டது. பல சங்கங்கள் வெள்ளைக்காரக் கிறிஸ்தவப் பையன்களுக்கு மட்டும்தான் என்று எழுதியே வைத்திருந்தன. கறுப்பின மாணவர்கள் 1906-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆல்பா ஃபை ஆல்பா என்று தங்களுக்கென ஒன்றை ஆரம்பித்தார்கள். 1908-இல் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் பெண்கள் ஆல்பா கப்பா ஆல்பாவைத் தொடங்கினார்கள். துளசேந்திரபுரத்துப் பேத்தி கமலா ஹாரிஸ் மாணவியாக இருந்தபோது சேர்ந்தது இதில்தான்.

வெளியே நிறுத்தினால் தனக்கென ஒரு வீடு கட்டிக்கொள்வது நமக்கும் தெரிந்த கதைதான். 1910-களில் சென்னைக்குப் படிக்க வந்த பிராமணரல்லாத மாணவர்களுக்குத் தங்க இடம் கிடைப்பது பெரும்பாடு. சாப்பாட்டுக்கடைகளில் பல, பிராமணர்கள் நடத்தியவை. அங்கே உள்ளே உட்காரவைத்துப் பரிமாற மாட்டார்கள். டாக்டர் சி. நடேசனார் திருவல்லிக்கேணியில் இவர்களுக்காகத் திராவிடர் இல்லம் என்ற விடுதியை நடத்தினார். பின்னாளில் சுதந்திர இந்தியாவின் முதல் நிதியமைச்சரான ஆர்.கே. சண்முகம் செட்டியார் அங்கே தங்கிப் படித்தவர். 1916 நவம்பரில் நீதிக்கட்சி பிறக்கிறபோது அதன் ஒரு வேர் இந்த விடுதிக்குள் இருந்தது. இதைப் பற்றித் தனியாக எழுதணும். இப்போ சேர்மாதேவிக்கு வர்றேன்.

குருகுலத்தை நடத்தியவர் வ.வே.சு. ஐயர். திருச்சி வரகனேரிக்காரர், 1881-இல் பிறந்தவர். திருக்குறளை ஆங்கிலத்தில் பெயர்த்தவர், 'குளத்தங்கரை அரசமரம்' எழுதியவர் என்று நமக்குத் தெரியும். அவரே லண்டனில் ஒரு புகழ்பெற்ற மாணவர் விடுதியில் வாழ்ந்தவர் என்பதுதான் இந்தப் பதிவுக்கு முக்கியம். லண்டன் ஹைகேட்டில், குரோம்வெல் அவென்யூ 65-ஆம் எண் வீட்டில், ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா 1905 ஜூலை 1-ஆம் தேதி இந்தியா ஹவுஸ் என்ற விடுதியைத் திறந்தார். இந்திய மாணவர்களுக்கு மலிவாகத் தங்க இடம், கூடவே சுதந்திரப் பேச்சு. சட்டம் படிக்கப்போன ஐயர் அங்கேதான் சாவர்க்கரோடு சேர்ந்தார். மருத்துவம் படிக்கப் போன ஸ்ரீரங்கத்து டி.எஸ்.எஸ். ராஜனும் அந்த வட்டத்தில் இருந்தார். 1909 ஜூலை 1-ஆம் தேதி மதன்லால் திங்ரா கர்சன் வைலியைச் சுட்டுக்கொன்ற பிறகு போலீஸ் நெருக்கடியில் அந்த வீடு மூடப்பட்டது.

அதே 1909-இன் கடைசியில் லண்டன் இந்தியர்கள் தசரா விருந்து ஒன்று நடத்தினார்கள். தலைமை தாங்க காந்தியை அழைத்திருந்தார்கள். சைவச் சாப்பாடு என்பது அவர் நிபந்தனை. மாணவர்களே சமைத்தார்கள், சமையல் பொறுப்பு ராஜனுக்கு. யாரோ ஒல்லியான, குள்ளமான மனுஷன் வந்து பாத்திரம் கழுவி, காய் நறுக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தாராம். ஐயர் வந்து பார்த்துச் சொன்ன பிறகுதான் அன்றைய சிறப்பு விருந்தாளியே அவர்தான் என்று தெரிந்ததாம். ராஜன் சொன்னதாக வரும் கதை இது. காந்தியின் எளிமைக்கு எடுத்துக்காட்டாக இதைச் சொல்வது வழக்கம். எனக்கு இதில் நிற்பது வேறொன்று: காந்தி, ஐயர், ராஜன் மூவரும் ஒரே சமையல்கட்டில். பதினாறு வருஷம் கழித்து இதே மூன்று பேரும் இன்னொரு சமையல்கட்டு விவகாரத்தில் மறுபடி வருகிறார்கள்.

லண்டனிலிருந்து தப்பி 1910-இல் ஐயர் புதுச்சேரி வந்தார். அங்கே பாரதி, அரவிந்தர். பத்து வருஷம் அங்கேயே. பாரதி 1918 கடைசியில் புதுச்சேரியை விட்டுக் கிளம்பி, கடலூரில் சிறைப்பட்டு, பிறகு செல்லம்மாவின் ஊரான எங்கள் கடையத்துக்கு வந்து சேர்ந்தார். 1920 கடைசிவரை இங்கேதான். சாதி பார்க்காமல் பழகியதற்காக அக்ரகாரம் அவரை ஒதுக்கிய கதையை எங்க ஊர்ப் பெரியவர்கள் இன்னைக்கும் சொல்வார்கள். சேர்மாதேவி நடக்கும்போது பாரதி உயிரோடு இல்லை. இருந்திருந்தால் எந்தப் பந்தியில் உட்கார்ந்திருப்பார் என்று பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

1920-இல் பிரிட்டிஷ் இந்தியாவுக்குத் திரும்பிய ஐயர் 'தேசபக்தன்' ஆசிரியராகி, ஜெயிலுக்கும் போய் வந்து, 1922-இல் குருகுலத்தைத் தொடங்கினார். முதலில் கல்லிடைக்குறிச்சி, பிறகு சேர்மாதேவி. பரத்வாஜ ஆசிரமம் என்றும் தமிழ்க் குருகுலம் என்றும் பேர். பையன்கள் அங்கேயே தங்கிப் படிப்பார்கள். தாய்மொழியில் பாடம், உடற்பயிற்சி, கைத்தொழில், தேசபக்தி. இங்கிலீஷ் படிப்புக்கு மாற்று என்று ஊரெல்லாம் உற்சாகம், நன்கொடை வந்தது. தமிழ்நாடு காங்கிரஸ் கமிட்டி பத்தாயிரம் ரூபாய் தருவதாக ஒப்புக்கொண்டு முதலில் ஐயாயிரம் கொடுத்தது. அன்றைக்கு அது பெரிய தொகை. கமிட்டியின் செயலாளர் ஈ.வெ. ராமசாமி நாயக்கர், நம்ம பெரியார்.

வெடித்தது சாப்பாட்டில். பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சாப்பாடு, தனியாகத் தண்ணீர்ப் பானை என்று செய்தி வெளியே வந்தது. ஓமந்தூர் ராமசாமி ரெட்டியாரின் மகன் அங்கே படித்தான். அவன் 'தவறான' பானையில் தண்ணீர் குடித்துவிட்டு அடி வாங்கினான், வீட்டில் போய்ச் சொன்னான், அங்கிருந்துதான் விஷயம் பரவியது என்று சொல்வார்கள். அந்த ஓமந்தூரார்தான் 1947-இல் சென்னை மாகாணப் பிரதமர் ஆனவர்.

ஐயர் பக்கத்து விளக்கத்தையும் சொல்லியாக வேண்டும். தனியாகச் சாப்பிட்டவர்கள் இரண்டே இரண்டு பிராமணப் பையன்கள். சேர்க்கும்போதே அவர்கள் பெற்றோருக்கு அப்படி வாக்குக் கொடுத்தாகிவிட்டது. வாக்கை மீற முடியாது. ஊரும் ஆசாரமான ஊர், மெல்ல மெல்லத்தான் மாற்றணும். லண்டனில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிட்ட மனிதருக்குச் சொந்தமாக ஆசாரத் தயக்கம் இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நடத்துகிறவருக்குச் சாதி இல்லை, நடத்தும் வீட்டுக்கு இருந்தது. இரண்டு பேர்தானே என்பதும் சரியான பதில் இல்லை. விடுதியில் ஒரு பையன் தினமும் மூன்று வேளை பார்ப்பது எண்ணிக்கையை அல்ல. யார் உள்ளே, யார் வெளியே என்பதைத்தான். பாடத்தில் தேசம் ஒன்று என்று சொல்லிக்கொடுத்துவிட்டு மணி அடித்ததும் இலையை ரெண்டு இடத்தில் போட்டால் பையன் எதைக் கற்றுக்கொள்வான்?

எதிர்ப்புக்கு முன்னால் நின்றவர் டாக்டர் பி. வரதராஜுலு நாயுடு. தன் 'தமிழ்நாடு' பத்திரிகையில் விடாமல் எழுதினார். அவர் வாதம் நேரானது: பணம் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பிராமணரல்லாதார், அந்தப் பணத்திலேயே அவர்கள் பிள்ளைகளுக்கு இரண்டாம் பந்தியா? பெரியாருக்கு இது இன்னும் கசந்திருக்கும். வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருவில் எல்லோரும் நடக்கணும் என்று 1924-இல் ரெண்டு தடவை ஜெயிலுக்குப் போனவர் அவர். அங்கே காங்கிரஸ்காரராகச் சிறை, இங்கே காங்கிரஸ் பணத்தில் தனிப்பந்தி. மீதி ஐயாயிரத்தை அவர் தர மறுத்தார். தனக்குத் தெரியாமல் இன்னொரு செயலாளரிடம் செக் வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்னார்.

1925 மார்ச்சில் வைக்கத்துக்கு வந்த காந்தியிடம் விவகாரம் போனது. ஏற்கெனவே வாக்குப் பெற்ற அந்த இரண்டு பையன்களை விட்டுவிடலாம், இனிமேல் அந்த நிபந்தனையில் யாரையும் சேர்க்கக்கூடாது என்பது அவர் சொன்ன சமரசம். அது யாரையும் திருப்திப்படுத்தவில்லை. ஏப்ரலில் ஐயர் குருகுலப் பொறுப்பிலிருந்து விலகினார். அந்த மாதக் கடைசியில் காங்கிரஸ் கமிட்டி கூடியது. தேசியத் தொண்டு செய்யும் நிறுவனங்களில் பிறப்பால் உயர்வு தாழ்வு கூடாது என்று எஸ். ராமநாதன் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. அதையொட்டி ராஜாஜி உள்ளிட்ட சிலர் கமிட்டியிலிருந்து விலகினார்கள். அவர்களில் ஒருவர் டி.எஸ்.எஸ். ராஜன், லண்டன் விருந்தில் சமைத்த அதே ராஜன்.

ஜூன் மாதத் தொடக்கத்தில் ஐயர் மாணவர்களையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பாபநாசம் போனார். அகஸ்தியர் அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தம். அங்கே மகள் சுபத்ரா நீரில் சிக்கினாள். காப்பாற்றக் குதித்த ஐயரும் போய்விட்டார். வயது 44. கல்யாண தீர்த்தத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், பார்வைக்கு அமைதியாக இருக்கும், ஆழம் தெரியாது. கடையத்திலிருந்து பாபநாசம் கூப்பிடு தூரம்தான். சின்ன வயசில் அருவிக்குப் போகும்போதெல்லாம் "மேல போகாதல, ஐயர் செத்த இடம்"னு மிரட்டுவார்கள். எந்த ஐயர் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

அந்த வருஷமே நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் மறுக்கப்பட, பெரியார் காங்கிரஸை விட்டு வெளியேறினார். 'குடிஅரசு' அதற்கு முன்பே, மே 2-ஆம் தேதி வெளிவரத் தொடங்கியிருந்தது. சுயமரியாதை இயக்கத்துக்குச் சேர்மாதேவி மட்டும்தான் காரணம் என்று சொல்லமாட்டேன். வைக்கம் இருந்தது, காஞ்சிபுரம் இருந்தது. ஆனால் தெருவும் ஓட்டும் பெரியவர்களுடைய பிரச்சினை. சேர்மாதேவியில் அடி வாங்கியதாகச் சொல்லப்பட்டது ஒரு சின்னப் பையன், காரணம் ஒரு செம்பு தண்ணீர். ஊர் ஊராகப் போய் விளக்க வேண்டிய அவசியமே இல்லாத விஷயம் அது. ரயில்வே ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகளில் பிராமணர்களுக்குத் தனி இடம் என்ற ஏற்பாடுகூட 1941-இல்தான் ஒழிந்தது. நம்ம பாசஞ்சர் ரூட்டில் நூறு வருஷத்துக்கு முன் போனவர்கள் ரயிலில் ஒன்றாக உட்கார்ந்து, இறங்கித் தனித்தனியாகச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

விடுதிக் கேள்வி எங்கள் பக்கம் இன்னும் முடியவில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனையும் அவன் தங்கையையும் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். சேர்மாதேவியிலிருந்து நாங்குநேரி அதிக தூரமில்லை. அதையொட்டி அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் சாதிக் கயிறு கூடாது என்பதிலிருந்து, பள்ளி, விடுதிப் பெயர்களில் சாதி அடையாளம் வேண்டாம் என்பதுவரை அதில் இருக்கிறது. 2025-இல் ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர், கள்ளர் சீரமைப்பு என்றெல்லாம் பெயர் தாங்கிய அரசு விடுதிகளுக்கு 'சமூகநீதி விடுதி' என்று பொதுப்பெயர் வைத்தார்கள்.

பெயரை மாற்றுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் இந்த விடுதிகளைச் சேர்மாதேவிக் கணக்கில் வைப்பவர்களைப் பார்த்தால் கோபம் வருகிறது. இவை திராவிடர் இல்லத்தின் வழி வந்தவை, கார்னெலில் கறுப்பினப் பையன்கள் எடுத்த வீட்டின் வகை. வேறெங்கும் இடம் கிடைக்காதவனுக்குக் கிடைத்த கூரை. சேர்மாதேவி அப்படி அல்ல. எல்லோரையும் உள்ளே கூப்பிட்டுவிட்டு உள்ளே கோடு போட்ட வீடு அது. போன மாசம் ஒரு விடுதிப் பையனிடம் பெயர் மாறினது பற்றிக் கேட்டேன். "போர்டு மாத்துனா நல்லதுதான் அண்ணாச்சி. ஸ்கூல்ல 'எந்த ஹாஸ்டல்'னு கேட்டுத்தான் எங்க சாதியக் கண்டுபிடிப்பானுவ"ன்னான். கொஞ்சம் யோசித்துவிட்டு, "இனி வேற ஏதாச்சும் கேப்பானுவ"ன்னு சிரித்தான்.