பல், பல, பல்லி: பைத்தான் ரெஜெக்ஸில் தமிழ்ச் சொல்லின் எல்லை

பைத்தான் மொழியோடு வரும் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (ரெஜெக்ஸ்) தொகுதியில், இருபுறமும் சொல்லெல்லைக் குறி இட்டுப் 'பல்' என்ற சொல்லைத் தேடினால், 'பல் வலிக்கிறது' என்னும் தொடரில் அது கிடைப்பதில்லை. 'பல்லி கத்தியது' என்னும் தொடரில் கிடைக்கிறது. அதே முறையில் 'பல' என்று தேடினால் பலா, பலி, பல் ஆகிய மூன்றுமே விடையாக வருகின்றன. முழுச்சொல் தேடல் என்று நாம் கேட்டதற்கு ஏறக்குறைய நேரெதிரான விளைவு இது. நிரல் நின்றுபோவதில்லை; பிழைச்செய்தி எதுவும் தோன்றுவதில்லை. ஆய்வாளர் கையில் ஒரு பட்டியல் கிடைக்கிறது, அந்தப் பட்டியல் தவறானது.

தமிழ்க் கணிமை பற்றிய எழுத்துகளில் இத்தகைய சிக்கல்களுக்கு வழக்கமாகத் தரப்படும் விளக்கம் ஒன்றுண்டு. யுனிகோடு தமிழை எழுத்தெழுத்தாகக் குறியேற்றாமல் மெய்யின் அகர வடிவத்தையும் சார்குறிகளையும் தனித்தனியே குறியேற்றியது. ஆகவே நிரல்மொழிகள் தமிழில் தடுமாறுகின்றன. குறியேற்றத்தை மாற்றினால் தடுமாற்றம் தீரும் என்பது அதன் சாரம். இவ்விளக்கம் மூன்று வெவ்வேறு சிக்கல்களை ஒன்றாகக் கட்டிவிடுகிறது என்பதும், அவற்றுள் மிகக் கேடானதற்கும் குறியேற்றத்துக்கும் நேரடித் தொடர்பில்லை என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

முதல் இரண்டையும் சுருக்கமாகவே கடக்கலாம். 'தமிழ்' என்ற சரத்தின் நீளம் பைத்தானில் 5. நம் கணக்கில் 3. இது பிழையன்று. சரத்தின் நீளம் என்பது குறியெண்களின் எண்ணிக்கை என்று பைத்தான் 3 வரையறுத்துக்கொண்டது, சொன்னபடியே எண்ணுகிறது. இரண்டாவது சமன்பாட்டுச் சிக்கல். 'கொ' என்பதை 2965, 3018 என இரு குறியெண்களாலும் எழுதலாம். 2965, 3014, 3006 என மூன்றாலும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது, ஆனால் இரண்டு சரங்களும் சமமல்ல என்றே விடை வரும். யுனிகோடு தரவுத் தொகுதியிலுள்ள இயல்பாக்கச் செயற்கூறு இதைத் தீர்த்துவிடும். இது உண்மையிலேயே குறியேற்றம் சார்ந்த சிக்கல்தான், தீர்வும் கையருகே இருக்கிறது.

மூன்றாவது, எது சொல்லின் உறுப்பு என்ற கேள்வி. ரெஜெக்ஸில் பின்சாய்கோட்டை அடுத்து வரும் டபிள்யூ, சொல்லில் இடம்பெறத் தக்க உருக்களின் வகுப்பைக் குறிக்கிறது. இவ்வகுப்புக்குள் இருப்பதும் வெளியே இருப்பதும் சந்திக்கும் இடமே சொல்லெல்லை. ஆக, எல்லை பிசகினால் வகுப்பு பிசகியிருக்கிறது என்று பொருள். இந்த வகுப்பைப் பைத்தானின் அதிகாரபூர்வ ஆவணம் விளக்கும் வாசகத்தில்தான் நம் விவாதத்தின் மையம் இருக்கிறது.

பைத்தான் 3இன் முந்தைய பதிப்புகளின் ஆவணம், எந்த மொழியிலும் சொல்லின் பகுதியாக வரக்கூடிய உருக்களில் பெரும்பாலானவையும் எண்களும் அடிக்கோடும் இவ்வகுப்பில் அடங்கும் என்ற கருத்தைத் தந்தது. இன்றைய ஆவணமோ, சரத்தின் எழுத்தெண் சோதனையில் தேறும் யுனிகோடு உருக்கள் அனைத்தும் அடிக்கோடும் அடங்கும் என்கிறது. இரண்டும் ஒரே நடத்தையின் இரு விவரணைகள். வாசகம் திருந்தியதே தவிர வகுப்பு மாறவில்லை. பழைய வாசகத்தைப் பரிவோடு படிப்பவர்கள், 'பெரும்பாலானவை' என்ற சொல் சிறு விதிவிலக்குகளுக்கு இடம் வைத்தது, தமிழின் சில குறிகள் அதில் சிக்கிக்கொண்டன என்பார்கள். எண்ணிப் பார்த்தால் இந்த வாசிப்பு நிற்காது. எழுத்தெண் சோதனை, யுனிகோட்டின் பொது வகைப்பாட்டில் எழுத்து அல்லது எண் என்று குறிக்கப்பட்டவற்றை ஏற்கிறது, சார்குறிகளைத் தள்ளுகிறது. உயிர்க்குறிகளும் புள்ளியும் சார்குறிகள். தமிழின் 247 எழுத்துகளில் இச்சோதனையில் முழுமையாகத் தேறுபவை 12 உயிர், 18 அகர உயிர்மெய், ஓர் ஆய்தம், ஆக 31. எஞ்சிய 216 எழுத்துகளும் தேறுவதில்லை. பதினெட்டு மெய்களில் ஒன்றுகூடத் தேறாத ஒரு வகுப்பை, எந்த மொழிக்கும் பெரும்பாலும் பொருந்துவது என்று எப்படிப் படிப்பது?

புதிய வாசகம் நேர்மையானது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். எழுத்துச் சோதனை பற்றிய ஆவணப் பகுதியிலும், இது யுனிகோடு தரம் 'ஆல்ஃபபெடிக்' என்று வரையறுக்கும் பண்பிலிருந்து வேறுபட்டது என்ற குறிப்பு இன்று உள்ளது. அந்தக் குறிப்பே என் வாதத்துக்கு வலுச்சேர்க்கிறது. யுனிகோட்டின் அந்தப் பண்பு தமிழ் உயிர்க்குறிகளை உட்கொள்கிறது. புள்ளி அதில் இல்லை. ஆனால் ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கென யுனிகோடு கூட்டமைப்பு வெளியிட்டுள்ள 18ஆம் தொழில்நுட்பத் தரம், சொல்லுறுப்பு வகுப்பில் சார்குறிகள் அனைத்தையும் சேர்க்கப் பரிந்துரைக்கிறது. அதன்படி 'தமிழ்' முழுமையாக ஒரு சொல். பெர்ல் மொழி அப்படித்தான் நடக்கிறது. பைத்தானில் அதே தேடல் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டுகளைத் தருகிறது. ஒரே யுனிகோடு, ஒரே குறியெண்கள், விடை மட்டும் வேறு. குறியேற்றம்தான் காரணம் என்றால் பெர்லும் தடுமாறியிருக்க வேண்டுமே.

குறியேற்ற விளக்கத்தை அதன் எல்லைவரை கொண்டுபோய்ச் சோதித்துவிடலாம். 2010இல் தமிழ்நாடு அரசு யுனிகோட்டுடன் சேர்த்து ஏற்றுக்கொண்ட 16 பிட் அனைத்தெழுத்துக் குறியேற்றத்தில் ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக் குறியெண் உண்டு. ஆனால் அவை யுனிகோட்டின் தனிப்பயன் பகுதியில் இருக்கின்றன. அப்பகுதியில் உள்ள எதற்கும் எழுத்து என்ற வகைப்பாடு கிடையாது. அக்குறியேற்றத்தில் எழுதிய தமிழைப் பைத்தானின் எழுத்துச் சோதனைக்கு உட்படுத்தினால் 31 எழுத்துகள்கூடத் தேறா; ஒன்றும் தேறாது. நீளக் கணக்கு நேராகும் என்பது உண்மைதான், ஆனால் சொல்லெல்லை இன்னும் மோசமாகும்.

இதைவிட அழுத்தமான சான்று பைத்தானுக்குள்ளேயே இருக்கிறது. மாறிகளுக்கு ஆங்கிலமல்லாத பெயர்களை அனுமதிக்கும் 3131 எண்ணுள்ள முன்மொழிவு 2007இல் எழுதப்பட்டு, 2008இல் வெளிவந்த பைத்தான் 3.0இல் நடைமுறைக்கு வந்தது. அதன்படி 'தமிழ்' ஒரு முறையான மாறிப்பெயர், புள்ளியும் இகரக் குறியும் சேர்த்தே. மேலும், மாறிப்பெயரை வாசிக்கும்போது பைத்தான் தானே அதை இயல்பாக்கிக்கொள்கிறது. ஆகவே 'கொடை' என்ற மாறியை இருவகைக் குறியெண்களில் எழுதினாலும் அது ஒரே மாறி. அதே இரண்டையும் மேற்கோளுக்குள் இட்டால் சமமற்ற இரண்டு சரங்கள். நிரலின் பெயர்களை வாசிக்கும் பகுதிக்குத் தமிழ்ச் சொல் எது என்று தெரிகிறது, உரையைத் தேடும் பகுதிக்குத் தெரியவில்லை. மொழி வடிவமைப்பாளர்களுக்கு அறிவில்லை என்ற குற்றச்சாட்டு இதன்முன் எடுபடாது. அறிவு இருந்தது, அது தேடல் தொகுதிவரை போய்ச் சேரவில்லை.

ஏன் சேரவில்லை என்பதற்கு என்னால் ஓர் ஊகத்தையே முன்வைக்க முடியும். இலத்தீன் எழுத்தில் மேற்குறி பெற்ற 'ஈ' போன்றவற்றுக்கும் இரு வடிவங்கள் உண்டு. எழுத்தும் 769 என்ற சார்குறியும் தனித்தனியாக வந்தால் அங்கும் சொல் உடைகிறது. ஆனால் இலத்தீன் எழுத்தில் எழுதுவோரின் விசைப்பலகைகள் பெரும்பாலும் இணைந்த ஒற்றைக் குறியெண்ணையே தருவதால் உடைவு கண்ணில் படுவதில்லை. 'கி'க்கு அத்தகைய இணைந்த வடிவமே கிடையாது. இணைந்த வடிவம் எப்போதும் இருக்கும் என்ற சொல்லப்படாத எதிர்பார்ப்பு அந்த வகுப்பின் அடியில் கிடக்கிறது. அதனால் பாதிக்கப்படுவது தமிழ் மட்டுமல்ல. இந்தி, மலையாளம், சிங்களம் எல்லாவற்றிலும் சொல் இதேபோல் உடைகிறது.

விளைவு ஏட்டளவில் நிற்பதில்லை. உரைப்பகுப்பாய்வில் பரவலாகப் பயன்படும் சைகிட்-லேர்ன் தொகுப்பின் சொல்லெண்ணிக் கருவி, வேறு கட்டளை தராவிட்டால், இதே வகுப்பைச் சேர்ந்த இரண்டோ அதற்கு மேலோ உருக்கள் தொடர்ந்து வருவதையே சொல்லாகக் கொள்கிறது. அதில் பல, பல், பலா, பலி, பல்லி ஐந்தும் 'பல' என்ற ஒரே சொல்லாகிவிடும். 'கிளி'யும் 'வீடு'ம் 'நீதி'யும் ஒற்றை உருக்களாகச் சிதறிக் கணக்கிலிருந்தே மறைந்துவிடும். வெளியான தமிழ்ச் சொல்லடைவுக் கணக்குகள் எல்லாம் பழுதானவை என்று நான் கூறவில்லை. இடைவெளியைக் கொண்டு சொல் பிரித்தவை இச்சிக்கலுக்கு வெளியே நிற்கின்றன. ஆனால் இயல்புநிலைக் கருவியைக் கொண்டு செய்த வகைப்பாட்டு ஆய்வு எதுவும், சொற்பட்டியலைக் கண்ணால் பார்த்ததாகச் சொல்லாதவரை, மறுபடி சரிபார்க்கப்பட வேண்டும்.

எதிர்வாதங்கள் சில. நடத்தை ஆவணப்படுத்தப்பட்டிருப்பதால் அது பிழையாகாது என்பது ஒன்று; ஆவணத்தில் எழுதிவைத்தால் தவறான வரையறை சரியாகிவிடாது. இடைவெளியில் பிரித்தால் போதுமே என்பது இன்னொன்று. நிறுத்தற்குறிகள் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும் என்பதோடு, தேடலும் பிரித்தலும் ஒரே வேலையும் அல்ல. ஜாவாஸ்கிரிப்ட்டின் வகுப்பு ஆங்கில எழுத்துகளோடு நின்றுவிடுகிறதே, பைத்தான் எவ்வளவோ மேல் என்பாரும் உண்டு. நான் உடன்படவில்லை. ஜாவாஸ்கிரிப்டில் தமிழ் ஒன்றுமே அகப்படாது, எழுதியவர் அன்றே கவனித்துவிடுவார். பாதி அகப்படுவதுதான் ஆபத்து.

வகுப்பை மாற்றினால் பழைய நிரல்கள் உடையும் என்பது மட்டுமே எடையுள்ள வாதம். அதற்காக இயல்புநிலையை விட்டுவைக்கலாம் என்று ஏற்றாலும், சார்குறிகளைச் சேர்க்கும் ஒரு தெரிவைத் தொகுதியிலேயே தருவதற்கு அது தடையில்லை. தனியே நிறுவிக்கொள்ளும் 'ரெஜெக்ஸ்' தொகுதியில் தமிழ்ச் சொல் உடைவதில்லை. ஆனால் பழுது இருப்பதே தெரியாதவர் அதைத் தேடிப் போகமாட்டார்.

அதுவரை செய்யத்தக்கது: உரையை முதலில் இணைந்த வடிவத்துக்கு இயல்பாக்க வேண்டும். டபிள்யூ வகுப்பை விட்டு, 2944 முதல் 3071 வரையிலான தமிழ்ப் பகுதியை நேரடியாகக் குறிக்க வேண்டும். சொல்லெல்லைக் குறிக்குப் பதில், தேடும் சொல்லின் முன்னும் பின்னும் அப்பகுதியைச் சேர்ந்த எதுவும் இல்லை என்ற எதிர்மறை நிபந்தனையை வைக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இணைப்பான்களான 8204, 8205 உரையில் இருக்கக்கூடும் என்பதால் அவற்றை முன்கூட்டியே நீக்கிவிடுவது நல்லது. இவ்வளவும் செய்தபின் 'பல்' தேடினால் பல் மட்டுமே கிடைக்கும். 'கௌதமர்' என்பதை எகரக் குறியும் ளகரமுமாக 'கெளதமர்' என்று தட்டெழுதிய இடங்கள் மட்டும் இதற்கும் தப்பிவிடும். அது தட்டெழுதியவரின் பிழை என்பதால் எந்த இயல்பாக்கமும் அதைத் தொடாது, தனிப் பட்டியல் வைத்துத்தான் திருத்த வேண்டும்.