சீனன்குடாவின் இருளும் கைவிளக்கின் மின்கலமும்

திருகோணமலை நகருக்குத் தென்மேற்கே, உட்துறைமுகத்தின் கரையில் அமைந்த சீனன்குடா, எண்ணெய்த் தாங்கிகளாலும் வானூர்தித் தளத்தாலும் உலகறிந்த ஊராகும். அவ்வூரின் வரலாற்றில் இருளுக்கும் ஒரு பங்குண்டு. அவ்விருளில் மனிதன் கையிற் பிடித்த சிறு விளக்கைப் பற்றியும், அவ்விளக்கின் வயிற்றிலிருந்த மின்கலத்தைப் பற்றியும் வரலாற்று நூல்கள் அதிகம் பேசுவதில்லை.

1942ஆம் ஆண்டு ஏப்பிரல் 5ஆம் நாள் கொழும்பைத் தாக்கிய யப்பானியத் தளபதி நகுமோவின் கப்பற்படை, 9ஆம் நாட் காலை திருகோணமலைமீது தன் வானூர்திகளை ஏவியது. சீனன்குடாத் தளத்திலிருந்து 261ஆம் படைப்பிரிவின் ஹரிக்கேன் வானூர்திகள் எதிர்த்தெழுந்தன. முன்னிரவே துறைமுகத்தை விட்டு நீங்கிய ஹேர்மிஸ் என்னும் வானூர்தி தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கடிக்கப்பட்டது. யப்பானிய வானூர்தியொன்று எண்ணெய்த் தாங்கியொன்றின்மேல் வீழ்ந்து மோத, அத்தாங்கி பல நாள் நின்றெரிந்தது. இருட்டடிப்புக் கட்டளை எத்தனை சாளரங்களை மூடுவித்தபோதிலும், அந்த ஒரு தீயை மூடுதற்கு வழியிருக்கவில்லை.

இருட்டடிப்பு என்பது இன்றைய இளைஞர் அறியாத அனுபவம். தெருவிளக்குகள் அணைக்கப்பட்டன, வண்டிகளின் முகவிளக்குகள் மறைக்கப்பட்டன. இங்கிலாந்தில் கைவிளக்குக் கண்ணாடியின்மேல் மெல்லிய வெள்ளைத்தாளை இரண்டு மடிப்பாக இட்டு, ஒளியை நிலத்தை நோக்கியே செலுத்த வேண்டுமென்று விதித்தார்கள். அந்நாளில் அங்கே குண்டுக்கு அடுத்தபடியாக மக்கள் முறையிட்டது மின்கலப் பஞ்சத்தைப் பற்றியே எனலாம். 'எட்டாம் இலக்க' மின்கலம் கடைக்கு வந்த செய்தி கேட்டால் நீண்ட வரிசை நின்றது.

நம் கரையோர மக்களுக்கு இருளிற் கொண்டுசெல்லும் ஒளி புதியதன்று. ஓலையைக் கட்டிக் கொளுத்திய சூளைப் பிடித்துக்கொண்டு ஆழமற்ற நீரில் மீனும் நண்டும் பிடிப்பது பழைய தொழில். 'மின்சூள்' என்ற அழகிய சொல் அவ்வழக்கிலிருந்தே பிறந்தது; ஆனாற் பொதுமக்கள் நாவில் 'ரோச் லைற்' என்பதே நிலைத்துவிட்டது.

இம்மின்சூளின் பிறப்பு மின்கலத்தின் பிறப்போடு பிணைந்தது. 1800ஆம் ஆண்டில் இத்தாலியரான வோல்ட்டா முதல் மின்கலவடுக்கை அமைத்தார். 1866இல் பிரெஞ்சுக்காரரான லெக்லாஞ்சே, நாகத்தையும் காபனையும் மங்கனீசு ஈரொட்சைட்டையும் நவச்சாரக் கரைசலையும் சேர்த்து ஒரு கலம் செய்தார். அது கண்ணாடிச் சாடியில் நீர்ம நிலையிலிருந்தமையால் கையிற் கொண்டு செல்ல இயலாது. 1886இல் ஜெர்மானியரான கார்ல் காஸ்னர் நவச்சாரத்தைச் சுண்ணச்சாந்துடன் குழைத்து, நாகக் குவளைக்குள் அடைத்து மூடினார். கவிழ்த்தாலும் கொட்டாத உலர் மின்கலம் அவ்வாறு உருவாயிற்று. 1899இல் அமெரிக்காவில் டேவிட் மிசெல் என்பார் குழாய் வடிவக் கைவிளக்குக்குக் காப்புரிமை பெற்றார். அக்காலக் கலம் தொடர்ந்து மின் வழங்க வலியற்றது. ஆதலால் பொத்தானை அழுத்திச் சிறிது நேரம் ஒளிபெற்று, விட்டுவிட்டுப் பயன்படுத்த வேண்டியிருந்தது. ஆங்கிலத்தில் அதற்கு 'மின்னல் விளக்கு' என்ற பொருளில் பெயர் வாய்த்தது அதனாலேயே.

நாகக் கலத்துக்கு வேறொரு குறையும் உண்டு. வெப்பமும் ஈரமும் அதற்குப் பகை. குளிர்நாட்டிற் பல மாதம் கெடாது கிடக்கும் கலம் கீழைநாட்டு வெக்கையிற் பயன்படுத்தாமலே வலியிழக்கும். நாகக் குவளை அரிக்கப்பட்டு உள்ளிருக்கும் பசை கசியும். போர்க்காலத்தில் இக்குறை பெரிதாகத் தெரிந்தது. வெப்பநாட்டுப் போர்முனைகளில் அமெரிக்கப் படையினரின் கருவிகள் செயலிழந்தபோது, அதற்கு மாற்றாகச் சாமுவேல் ரூபன் என்னும் அறிஞர் பாதரசக் கலத்தை உருவாக்கினார். சீனன்குடாவைப் போன்ற உப்புக்காற்று ஊரில், கலத்தை எங்கே வைப்பது என்பதும் எக்கலத்தை வாங்குவது என்பதற்கு நிகரான கேள்வியே. வெயில்படும் சாளர ஓரமும் அடுப்படியும் தகா.

1957 ஒற்றோபரில் பிரித்தானியர் திருகோணமலைத் தளத்தை ஒப்படைத்தனர். 1959இல் கார மின்கலம் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. 1964 டிசம்பர்ச் சூறாவளி கீழ்க்கரையைத் தாக்கிய வேளையிலும் நம்மவர் கையிலிருந்தவை பெரும்பாலும் நாகக் கலங்களே. பின்னர் வந்த உள்நாட்டுப் போரில் மின்கலம் அரசியற் பொருளாகவே மாறியது. 1990ஆம் ஆண்டுகளில் வடபகுதிக்குக் கொண்டுசெல்லத் தடுக்கப்பட்ட பொருட்களின் பட்டியலில் மின்கலமும் இடம்பெற்றது. துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவிற் பிறந்த மின்னைக்கொண்டு மக்கள் வானொலிச் செய்தி கேட்டனர். இரவில் வைத்தியரை அழைக்கச் செல்பவனுக்கு இரண்டு கலங்கள் இருந்தனவா இல்லையா என்பது சிறிய விடயமன்று.

அக்காலக் கைவிளக்கில் இழைக் குமிழ் இருந்தது. கலம் வலுக்குன்றினால் ஒளி மஞ்சளாகிச் சிவந்து, வீடு சேரும்வரை ஏதோ ஒரு வெளிச்சத்தைத் தந்து, பின்னரே அணையும். ஒளிகாலும் இருவாயி எனப்படும் எல்.ஈ.டி. விளக்கின் இயல்பு வேறு. நீல ஒளி தரும் இருவாயியைக் கண்ட அக்காசாக்கி, அமானோ, நக்காமுறா ஆகிய மூவருக்கும் 2014இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்நீல ஒளியின்மீது மஞ்சட் பூச்சிட்டே வெள்ளொளி பெறப்படுகிறது. வெள்ளை எல்.ஈ.டி. ஏறத்தாழ 3 வோல்ட் இன்றி நன்கு எரியாது. 1.5 வோல்ட் கலங்கள் இரண்டு புதிதாயிருக்கும்போதே அந்த எல்லையிலேதான் நிற்கின்றன. அதனாலேயே மலிவான விளக்குகளில் மூன்று சிறு கலங்களை இடுகிறார்கள். நல்லவற்றில் மின்னழுத்தத்தை உயர்த்தும் சுற்றொன்று இருக்கும். அத்தகைய சுற்றுள்ள விளக்கு இறுதிவரை ஒரே அளவாக எரிந்து, சில வேளை முன்னறிவிப்பின்றி அணைந்துவிடும். பழைய விளக்கின் சிவந்த எச்சரிக்கையை நம்பிப் பழகியவர்கள் இதனை மனத்திற் கொள்ளவேண்டும்.

புதிதாக வாங்குபவர் முதலிற் கேட்க வேண்டியது, விளக்கு நாள்தோறும் எரியப் போகிறதா, அல்லது ஆபத்துக்காக அலுமாரியிற் கிடக்கப் போகிறதா என்பதே. இடையிடையே பயன்படுத்துவோர்க்குக் கார மின்கலம் போதும். ஆனால் அதனை விளக்கினுள் மாதக்கணக்கில் விட்டுவைத்தாற் காரநீர் கசிந்து செப்புத் தொடுவாய்களை அரித்துவிடும். நாள்தோறும் எரிப்போர்க்கு மீளேற்றத்தக்க நிக்கல் கலமே சிக்கனம். அதன் அழுத்தம் 1.2 வோல்ட் என்பது கண்டு அஞ்சவேண்டியதில்லை. கனத்த சுமையில் நாகக் கலம் தளரும் இடத்திலும் அது தளராது. 2005இல் வெளிவந்த வகைகள் ஏற்றிய மின்னைப் பல மாதம் காத்து வைக்கின்றன. பழைய கலத்தையும் புதிய கலத்தையும் ஒரே விளக்கிற் சேர்த்தல் எவ்வகையிலும் ஆகாது. வலுவற்றது தலைகீழாக மின்னேற்றப்பட்டுக் கசியும்.

1991இல் சந்தைக்கு வந்த இலிதியம் அயன் கலம் வலிமையிற் சிறந்தது. முழுதாக ஏற்றினால் 4.2 வோல்ட் தரும். ஆயினும் அதன் வலிமையே அதன் ஆபத்து. சாதாரண விரற்கலத்தின் அளவிலேயே '14500' என்னும் இலிதியம் கலமும் விற்கப்படுகிறது; உருவொற்றுமை கண்டு 1.5 வோல்ட் விளக்கில் அதனை இட்டால் விளக்கு கருகும். திறப்புக்கோவையோடு சட்டைப்பையிற் போட்டால் முனைகள் இணைந்து தீப்பற்றக்கூடும். பாதுகாப்புச் சுற்றுள்ள கலத்தையே தொடக்கக்காரர் தேடுதல் நலம்.

2022 மார்ச்சு இறுதியில் இலங்கையில் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்தபோது, எண்ணெய்த் தாங்கிகள் நிறைந்த சீனன்குடாவும் இருளுக்கு விலக்கன்று. அத்தகைய வேளையிற் சந்தைகளிற் பரவுவன '9900 மில்லி அம்பியர் மணி' என்று பொறித்த '18650' கலங்கள். 18 மில்லிமீற்றர் விட்டமும் 65 மில்லிமீற்றர் நீளமும் கொண்ட அக்கலத்தில் 3500 அளவு இருந்தாலே அது மிக நல்ல கலம். பொறித்த எழுத்தை நம்புவதிலும் கையில் எடைபார்ப்பது மேல்: உண்மையான கலம் ஏறத்தாழ 45 கிராம் இருக்கும், போலிகள் பல அதனினும் வெகு இலேசானவை.